தோட்டப் பள்ளியின் மூன்று துணைவலைகள்: லினக்ஸ் திசைவி இயங்கும் முறை

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல இன்றளவும் ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல்லைத் தம் பெயரில் தாங்கி நிற்கின்றன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்பதும், செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டம் எழுவதும் லாபு, நீலாய், செண்டாயான் முதலிய வட்டாரங்களில் நாம் கண்ணெதிரே கண்ட மாற்றங்களாகும். தோட்டம் மறைந்த பின்னரும் பள்ளியின் பெயரில் அது வாழ்கிறது. இத்தகைய பள்ளிகளுக்குக் கணினி இன்று புதிய பொருளன்று. எனினும் கணினிகளை வாங்கி அடுக்குவது வேறு. அவற்றை ஒன்றோடொன்று முறையாகப் பேசவைப்பது வேறு.

ஒரே வளாகத்துக்குள் தனித்தனியாக அமைந்த சிறு கணினி வலைகளை, லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பெற்ற ஒரு பழைய கணினியின் வழியாக இணைக்கும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இப்பொருள் பொறியியலாருக்கே உரியது என ஒதுக்குவோர் உளர். ஆயினும் தோட்டப் பள்ளிகளில் கணினிக்கூடத்தின் சாவி பெரும்பாலும் வயதில் இளைய ஆசிரியரின் கையில்தான் கொடுக்கப்படுகிறது. அவர் எத்துறையில் பயின்றவர் என்று எவரும் கேட்பதில்லை. தமிழ் படித்துவிட்டு அச்சாவியைப் பெற்றுக்கொள்ளப்போகும் ஒருவருக்காகவே இதனை எழுதுகிறோம்.

கலைச்சொற்களைப் பற்றி ஒரு சொல். ரவுட்டர் என்பதனைத் திசைவி என்றும், பாக்கெட் என்பதனைப் பொதி என்றும், சப்நெட் என்பதனைத் துணைவலை என்றும், சர்வர் என்பதனை வழங்கி என்றும், கேட்வே என்பதனை நுழைவாயில் என்றும் இக்கட்டுரையில் ஆள்கிறோம். இச்சொற்களுக்கு வேறு வடிவங்களும் வழக்கில் உண்டு. 2001-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்ற காலம் முதலே கணினிக் கலைச்சொற்களை ஒருமுகப்படுத்த வேண்டும் என்ற குரல் இந்நாட்டில் கேட்டுவருகிறது. அக்குரலோடு நமக்கு உடன்பாடு உண்டு. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் ‘திசைவி’ என்றால் விழிப்பார். ‘ரவுட்டர்’ என்றால் நகர்வார். இரண்டையும் அறிந்திருப்பதே இப்போதைக்கு நன்று.

பள்ளியும் அதன் தேவையும்

2009-ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலானின் தோட்டப் பள்ளி ஒன்றில் இப்பணியில் பங்குபெறும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பள்ளியின் பெயர் இங்குத் தேவையில்லை. அங்கு மூன்று இடங்களில் கணினிகள் இருந்தன. அலுவலகத்தில் தலைமையாசிரியர், எழுத்தர் ஆகியோரின் கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும். கணினிக்கூடத்தில் இருபது கணினிகள். பள்ளித் திடலுக்கு அப்பால் இருந்த தோட்டப் பொதுமண்டபத்தில் நன்கொடையாகக் கிடைத்த ஆறு கணினிகள். மண்டபத்தில் மாலை வேளைகளில் யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்குரிய பயிற்சி வகுப்பு நடைபெற்றது. (அத்தேர்வு 2021-ஆம் ஆண்டு கைவிடப்பட்டது.) வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளே அவ்வகுப்பின் மாணவர்கள்.

ஆசிரியர்கள் தாமே உருவாக்கிய பயிற்சித்தாள்களையும் ஒளிக்காட்சிப் பாடங்களையும் கணினிக்கூடத்தில் இருந்த ஒரு வழங்கியில் சேர்த்து வைத்திருந்தனர். அவற்றை மண்டபத்துப் பிள்ளைகளும் பயன்படுத்த வேண்டும் என்பதே வேண்டுகோள். இணையத்தில் ஏற்றிவிட்டால் எங்கிருந்தும் பார்க்கலாமே என்று கேட்கத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பாடம் 50 மெகாபைட் அளவுடையது எனக் கொண்டால், இருபது பிள்ளைகள் அதனைத் திறக்கும்போது 1,000 மெகாபைட், அதாவது 8,000 மெகாபிட் தரவு நகர வேண்டும். பள்ளிக்கு அப்போது இருந்த இணைய இணைப்பின் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட். ஆகவே 8,000 விநாடி, ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம் ஆகும். அதே தரவு வளாகத்துக்குள் விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள கம்பியில் சென்றால் 80 விநாடி போதும். கம்பியில்லா இணைப்பில் 20 மெகாபிட் கிடைத்தாலும் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெளியுலகுக்குச் செல்லும் வழி குறுகியதாக இருக்கும் இடங்களில் உள்வழிகளை அகலமாக அமைத்துக்கொள்வதே அறிவுடைமை. இணைய வேகம் பெருகிவிட்ட இந்நாளிலும், மழை நாளில் இணைப்பு அறுந்துபோகும் தோட்டப்புறங்களுக்கு இக்கணக்கு பொருந்தாமற் போகவில்லை.

அங்ஙனமாயின் மூன்று இடங்களையும் ஒரே வலையாக்கிவிடலாமே என்பது அடுத்த வினா. அலுவலகக் கணினியில் மாணவர் விவரங்களும் பெற்றோரின் வருமான விவரங்களும் இருந்தன. பொதுமண்டபம் யாவரும் வந்துபோகும் இடம். இவ்விரண்டையும் ஒரே அறையில் வைப்பது போன்றதே ஒரே வலையில் வைப்பதும். ஆகவே மூன்றும் பிரிந்திருக்கவும் வேண்டும்; தேவையான இடத்தில் சேரவும் வேண்டும். துணைவலையும் திசைவியும் தோன்றியதற்குக் காரணமே இதுதான்.

முகவரியும் பிரிவும்

பெரிய தோட்டங்கள் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்ததனையும், ஒவ்வொரு பிரிவிலும் லயன் வீடுகள் வரிசையாக நின்றதனையும் அங்கு வாழ்ந்தோர் அறிவர். ஒரே லயத்தில் இருப்பவரை அழைக்க வேண்டுமானால் வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும். வேறு பிரிவில் இருப்பவருக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் குரல் எட்டாது. எழுதி, தோட்ட அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். அங்குள்ள கிராணியார் முகவரியைப் பார்த்து உரிய பிரிவுக்கு அனுப்புவார்.

கணினி வலையும் இவ்வாறே இயங்குகிறது. 192.168.10.25 என்பது ஒரு கணினியின் முகவரி எனக் கொள்வோம். இதனோடு 255.255.255.0 என்னும் சப்நெட் மாஸ்க் சேர்ந்து வரும்போது, முதல் மூன்று எண்களும் பிரிவைக் குறிக்கின்றன. இறுதி எண் வீட்டைக் குறிக்கிறது. ஒரு பிரிவில் 254 வீடுகளுக்கு இடமுண்டு. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள் வலைகளுக்கென்றே 1996-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறை ஆவணத்தில் ஒதுக்கப்பட்டவை. இவை உலகில் எத்தனை இடங்களிலும் இருக்கலாம். ஆனால் ஒரே வளாகத்தில் இரு பிரிவுகள் ஒரே எண்ணைக் கொண்டிருத்தல் கூடாது.

நாம் சென்ற பள்ளியில் முதற்சிக்கலே அதுதான். அலுவலகத்தில் இருந்த மோடமும் மண்டபத்தில் வாங்கிப் பொருத்திய கம்பியில்லாப் பெட்டியும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே 192.168.1 என்னும் எண்ணை வழங்கிக்கொண்டிருந்தன. இரண்டு பிரிவுகளுக்கும் ‘முதற்பிரிவு’ என்று பெயரிட்டுவிட்டால் கிராணியார் என்ன செய்வார்? கடிதத்தை வெளியே அனுப்பவே மாட்டார். தம் பிரிவுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பார். ஆகவே எல்லாவற்றையும் விடுத்து முதலில் எண்களை மாற்றினோம். அலுவலகம் 192.168.10, கணினிக்கூடம் 192.168.20, மண்டபம் 192.168.30 என அமைந்தன. மோடத்தின் பக்கம் மட்டும் 192.168.1 என்றே விடப்பட்டது.

முகவரித் தொகுதி ஒன்றினைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பதனைத் ‘துண்டாடல்’ என்று ஒருவர் தமிழாக்கியதை நாம் கேட்டதுண்டு. பொருள் பிழையில்லை. ஆனால் தோட்ட மக்களின் செவியில் அச்சொல் வேறு ஒலி எழுப்பும். 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் இழந்தோர் பலர். 1960-ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அத்துயரின் விளைவாகவே. எனவே ‘துணைவலை வகுத்தல்’ என்பதே நமக்கு உகந்ததாகப் படுகிறது.

ஒரு கணினி பொதியை அனுப்பும் முன்னர், சேருமிடம் தன் பிரிவைச் சேர்ந்ததா அன்றா என்று மட்டுமே பார்க்கிறது. தன் பிரிவாயின், ‘இவ்வெண்ணுக்கு உரியவர் யார்?’ என்று வலை முழுதும் கேட்கும்படி குரல் கொடுத்து, விடையளித்த கணினிக்கு நேரே அனுப்பிவிடும். வேறு பிரிவாயின், தனக்குச் சொல்லப்பட்ட நுழைவாயிலிடம் ஒப்படைத்துவிடும். அதற்கு மேல் அக்கணினிக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

கெமாஸ் சந்திப்பு

நெகிரி செம்பிலானில் திசைவிக்கு உவமை தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தம்பினிலிருந்து பஹாவுக்கு இரயிலில் செல்ல விரும்புபவர் கெமாஸ் நிலையத்துக்கு வந்தாக வேண்டும். மேற்குக் கரைத் தடமும், 1910-இல் பஹாவ் வரையிலும் 1931-இல் முழுமையாகவும் திறக்கப்பட்ட கிழக்குக் கரைத் தடமும் அங்குத்தான் சந்திக்கின்றன. கெமாஸ் இரண்டு தடங்களுக்கும் சொந்தமானது. திசைவியும் அவ்வாறே தான் இணைக்கும் ஒவ்வொரு துணைவலையிலும் ஒரு காலை ஊன்றி நிற்பது. ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு முகவரி உண்டு.

நாம் அமைத்த திசைவி அலுவலகத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய கணினி. அதில் நான்கு நெட்வொர்க் அட்டைகளைப் பொருத்தினோம். அலுவலகப் பக்கம் 192.168.10.1, கணினிக்கூடப் பக்கம் 192.168.20.1, மண்டபப் பக்கம் 192.168.30.1, மோடப் பக்கம் 192.168.1.2 என அதற்கு நான்கு முகவரிகள். மண்டபத்துக்குத் திடலைக் கடந்து கம்பி இழுக்க இயலவில்லை. செம்புக் கம்பியின் எல்லை 100 மீட்டர். மண்டபம் அதனினும் தொலைவில் இருந்தது. இரு கூரைகளிலும் கம்பியில்லா அலைவாங்கிகளை ஒன்றையொன்று பார்க்குமாறு நிறுத்தினோம்.

லினக்ஸின் கெர்னல் எனப்படும் உட்கரு, வழிப்பட்டியல் ஒன்றினை வைத்திருக்கிறது. அட்டைக்கு முகவரி இட்ட அளவிலேயே அந்தத் துணைவலைக்கான வழி பட்டியலில் தானாகவே சேர்ந்துவிடும். நேரடியாக இணைந்த துணைவலைகளுக்கு நாம் எந்த வழியையும் எழுத வேண்டியதில்லை. பலர் இதனை அறியாமல் இருப்பதையே மீண்டும் எழுதிக் குழப்பிக்கொள்கின்றனர். நாம் எழுதியது ஒரே ஒரு வழிதான்: பட்டியலில் இல்லாத எதுவாயினும் 192.168.1.1-க்கு, அதாவது மோடத்துக்கு அனுப்புக. தஞ்சாவூருக்குச் செல்லும் கடிதத்தைக் கண்ட தோட்டக் கிராணியார் தஞ்சாவூர் எங்கிருக்கிறது என்று ஆராய்வதில்லை; நம் பிரிவுகளுக்கு உரியதன்று எனில் சிரம்பான் அஞ்சலகத்துக்கு அனுப்பிவிடுகிறார். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் பொருந்தும்போது மிகக் குறுகிய பரப்பைச் சுட்டும் வழியே முதன்மை பெறும் என்பதையும் இங்கே நினைவில் இருத்துதல் வேண்டும்.

இத்தனை செய்தும் பொதி ஒரு துணைவலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவில்லை. லினக்ஸ் நிறுவிய கணினி இயல்பாகத் திசைவியாக இயங்குவதில்லை. தனக்கு உரியதல்லாத பொதி வந்தால் அதனை விழுத்திவிடும். ஐ.பி. ஃபார்வர்டிங் எனப்படும் முன்னனுப்பும் அமைப்பு சுழியத்தில் இருக்கும். அதனை 1 என மாற்றினால்தான் கிராணியார் கடிதங்களைக் கைமாற்றத் தொடங்குவார். பாதுகாப்புக் கருதியே இவ்வாறு வைத்திருக்கின்றனர், குறை கூறுவதற்கில்லை.

இங்கே ஒரு மயக்கம் நேரும். மண்டபக் கணினியிலிருந்து 192.168.20.1-க்குப் பிங் கட்டளை இட்டோம், விடை வந்தது. கணினிக்கூடத்துப் பக்கத்து முகவரி விடையளிக்கிறதே, வழி திறந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆனால் 192.168.20.5 என்னும் வழங்கியிடமிருந்து விடையே இல்லை. முதல் விடை திசைவியின் விடையாகும். தன் நான்கு முகவரிகளுள் எதனை எப்பக்கத்திலிருந்து அழைத்தாலும் லினக்ஸ் ‘ஏன்?’ என்று குரல் கொடுக்கும்; முன்னனுப்பும் அமைப்பு அடைத்திருந்தாலும் கொடுக்கும். கெமாஸ் வரை வந்த இரயில் பஹாவுக்குப் போய்விட்டதாகக் கொள்ள முடியாது. அரை மணி நேரம் இதனால் வீணாயிற்று. சோதிப்பதாயின் திசைவிக்கு அப்பால் இருக்கும் ஒரு கணினியையே அழைத்துச் சோதிக்க வேண்டும்.

திரும்பும் வழி

முன்னனுப்பும் அமைப்பை மாற்றியபின் மண்டபத்துக்கும் வழங்கிக்கும் இடையே பாதை திறந்தது. அச்சுப்பொறிதான் நம்மை இரண்டு நாள் அலைக்கழித்தது. கணினிக்கூடத்தில் தயாரிக்கும் தேர்வுத்தாள்களை அலுவலக அச்சுப்பொறியில் அச்சிட வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டிருந்தனர். அலுவலகத்திலிருந்து அச்சு வந்தது. கணினிக்கூடத்திலிருந்து வரவில்லை. கம்பியை மாற்றினோம், அட்டையை மாற்றினோம், அச்சுப்பொறிக்குரிய மென்பொருளை மீண்டும் நிறுவினோம். ஒன்றும் பயன் தரவில்லை.

இறுதியில் டி.சி.பி.டம்ப் என்னும் கருவியைத் திசைவியில் இயக்கி, கடந்து செல்லும் பொதிகளைப் பார்த்தோம். கணினிக்கூடத்துப் பக்கத்தில் பொதி வருவது தெரிந்தது. அதே பொதி அலுவலகப் பக்கத்தில் வெளியேறுவதும் தெரிந்தது. அச்சுப்பொறியிடமிருந்து திரும்பி வருவது மட்டும் எதுவுமில்லை. ஆகவே குறை திசைவியிலன்று, அச்சுப்பொறியில் என்பது உறுதியாயிற்று. அச்சுப்பொறியின் அமைவுத் தாளை அச்சிட்டுப் பார்த்தபோது, நுழைவாயில் எண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு சுழியங்கள் இருந்தன.

நடந்தது இதுதான். அச்சுப்பொறியைப் பொருத்தியவர் அதற்கு முகவரி இட்டார். அது அலுவலகத்துக்குள் மட்டும் பயன்பட்டமையால் நுழைவாயில் எண்ணை இடவில்லை. தன் லயத்தில் உள்ளோரோடு மட்டும் பேசுபவருக்குக் கிராணியார் தேவையில்லையல்லவா? கணினிக்கூடத்திலிருந்து வந்த பொதி அச்சுப்பொறியைச் சேர்ந்தது. அது மறுமொழி எழுதவும் விரும்பியது. ஆனால் 192.168.20 என்னும் பிரிவுக்கு யாரிடம் கொடுத்தனுப்புவது என்று அதற்குத் தெரியவில்லை. நுழைவாயிலாக 192.168.10.1 என்று இட்டோம்; அடுத்த நொடியே தாள் நகர்ந்தது.

இதனை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. துணைவலைகளுக்கிடையே நேரும் கோளாறுகளுள் நாம் கண்டவற்றில் மிகுதியானவை இவ்வகையைச் சேர்ந்தவை. மறுமொழி வந்த வழியே தானாகத் திரும்பும் என்று நம் மனம் எண்ணிக்கொள்கிறது. நூலைப் பிடித்துக்கொண்டு திரும்புவது போன்ற ஓர் எண்ணம். உண்மையில் பொதிக்கு வந்த வழி நினைவில் இராது. மறுமொழி என்பது புதிய கடிதம். புதிதாக முகவரி எழுதப்பட்டு, புதிதாக வழி தேடப்பட்டுச் செல்வது. போகும் வழி திசைவியிடம் இருக்கலாம். திரும்பும் வழி எதிர்முனையிடம் இருக்க வேண்டும். இரண்டுள் ஒன்று இல்லையேல் உரையாடல் நிகழாது. ‘போகவில்லை’ என்று புகார் வரும்போது, ‘போய்விட்டது, திரும்பவில்லை’ என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது.

மோடத்திலும் இதே நிலைதான். அது 192.168.1 என்னும் தன் பிரிவை மட்டுமே அறியும். மண்டபத்துக் கணினியின் வேண்டுகோள் அதனிடம் சென்றால், 192.168.30 எங்கிருக்கிறது என்று தெரியாமல் மறுமொழியை வெளியுலகின் பக்கமே தள்ளிவிடும். இதற்கு முறையான தீர்வு, அம்மூன்று பிரிவுகளும் 192.168.1.2-க்குப் பின்னால் உள்ளன என்று மோடத்தின் வழிப்பட்டியலில் எழுதுவதாகும். அந்த மோடத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே வேடமிடல் எனத்தக்க ‘மாஸ்கரேடிங்’ முறையைக் கையாண்டோம். வெளியே செல்லும் பொதிகளின் அனுப்புநர் முகவரியை அழித்துத் திசைவி தன் முகவரியை எழுதிவிடும். மறுமொழி தன்னிடம் வந்ததும் உரியவருக்குக் கொடுத்துவிடும்.

இம்முறை மிக எளிது. எளிது என்பதே அதன் தீங்கு. அச்சுப்பொறிச் சிக்கல் தீராமல் இருந்த முதல் நாள் மாலை, நமக்கு உதவ வந்த அன்பர் ஒருவர் எல்லா அட்டைகளிலும் வேடமிடலைப் போட்டுவிட்டுச் சென்றார். அச்சு வந்தது! அச்சுப்பொறியின் கண்ணுக்கு எல்லாப் பொதிகளும் 192.168.10.1 என்னும் அண்டை வீட்டாரிடமிருந்தே வந்தன. நுழைவாயில் இல்லாத குறை மறைந்துவிட்டது. மறுநாள் வழங்கியின் பதிவேட்டைத் திறந்தபோதுதான் விளைவு தெரிந்தது. மண்டபத்திலிருந்து வந்த வேண்டுகோள்கள் அனைத்தும் 192.168.20.1 என்னும் ஒரே முகவரியில் பதிவாகியிருந்தன. எந்தக் கணினி எதனைக் கேட்டது என்று அறிய வழியில்லை. அதே நாளில் மண்டபக் கணினிகளுள் ஒன்று நச்சுநிரலால் பாதிக்கப்பட்டு வழங்கியை ஓயாது தட்டிக்கொண்டிருந்தது. ஆறில் எது என்று பதிவேட்டைப் பார்த்து அறிய இயலாமல், ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க நேர்ந்தது. வேடமிடலை நீக்கியபின் அச்சு மீண்டும் நின்றது. அதன் பிறகே டி.சி.பி.டம்பை நாடினோம். நம் கருத்தில், வேடமிடலை வெளியுலகுக்குச் செல்லும் வாயிலில் மட்டுமே வைத்தல் வேண்டும். உள் பிரிவுகளுக்கிடையே அதனைக் கையாளுதல் நோயைத் தீர்க்காமல் வலியை மட்டும் அடக்குவதாகும்.

வழியும் அனுமதியும்

வழி திறந்தபின் எழுந்தது அனுமதி பற்றிய வினா. முன்னனுப்பும் அமைப்பை 1 என்று மாற்றிய கணத்திலேயே மண்டபத்திலிருந்து அலுவலகக் கணினிக்கும் பாதை திறந்துவிட்டது. துணைவலை வேறு என்பதனாலேயே பாதுகாப்பு வந்துவிட்டதாகக் கருதுவது பெரும்பிழை. திசைவி எல்லாப் பிரிவுகளையும் அறிந்தது. கேட்டவருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

லினக்ஸ் உட்கருவில் 2001-இல் வெளியான 2.4 பதிப்பு முதல் ‘நெட்ஃபில்டர்’ என்னும் சோதனைச்சாவடி இடம்பெற்றுள்ளது. நாம் அதனை ‘ஐ.பி.டேபிள்ஸ்’ கட்டளைகளால் இயக்கினோம். 2014-இல் உட்கருவில் சேர்ந்த ‘என்.எஃப்.டேபிள்ஸ்’ இன்று அதன் இடத்தைப் பெற்றுவருகிறது. எழுதும் முறை வேறாயினும் எண்ணும் முறை ஒன்றே. முதலில் எல்லாவற்றையும் மறு. பிறகு வேண்டியதை மட்டும் அனுமதி. மண்டபத்திலிருந்து வழங்கியின் இணையப் பக்கத்துக்குரிய 80-ஆம் வாயிலுக்குச் செல்லலாம். கணினிக்கூடத்திலிருந்து அச்சுப்பொறியின் 9100-ஆம் வாயிலுக்குச் செல்லலாம். மூன்று பிரிவுகளும் வெளியுலகுக்குச் செல்லலாம். அலுவலகக் கணினிகளுக்கு எங்கிருந்தும் எவரும் புதிதாக உரையாடல் தொடங்க இயலாது.

இவ்விதிகளை மட்டும் எழுதினால் மீண்டும் எல்லாம் நின்றுவிடும். மறுமொழியும் ஒரு பொதியல்லவா? அதற்கும் அனுமதி வேண்டும். முன்னர்த் தொடங்கி நடந்துகொண்டிருக்கும் உரையாடலைச் சேர்ந்த பொதியாயின் அனுமதிக்க என்னும் விதியை எல்லாவற்றுக்கும் மேலே எழுத வேண்டும். பொதிக்கு நினைவில்லை என்றோம், சோதனைச்சாவடிக்கு நினைவுண்டு. யார் யாரிடம் பேச்சைத் தொடங்கினார் என்பதனை அது குறித்து வைத்துக்கொள்ளும். அலுவலகத்திலிருந்து வழங்கியை அழைத்தால் விடை வந்து சேரும். வழங்கியின் பக்கத்திலிருந்து எவரும் அலுவலகத்தைத் தாமாக அழைக்க முடியாது.

இவ்வளவு கட்டுப்பாடு ஒரு சிறு பள்ளிக்குத் தேவையா என்று அங்கேயே கேட்கப்பட்டது. ‘கான்ஃபிக்கர்’ என்னும் நச்சுநிரல் 2008-ஆம் ஆண்டு இறுதியில் தோன்றி, விண்டோஸ் கணினிகளின் 445-ஆம் வாயில் வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பிள்ளையின் பென் டிரைவ் ஒரு மண்டபக் கணினியைக் கெடுக்கலாம். அம்மண்டபத்தில் உள்ள பிறவற்றையும் கெடுக்கலாம். அதனைத் திசைவி தடுக்க இயலாது, ஏனெனில் ஒரே லயத்துக்குள் கொடுக்கும் குரல் கிராணியாரைக் கடந்து செல்வதில்லை. ஆனால் பெற்றோரின் விவரங்கள் இருக்கும் கணினிக்கு அது தாவுவதைத் திசைவி தடுக்கும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வான்னாகிரை’ அதே 445-ஆம் வாயிலின் வழியே பரவியபோது, உட்பிரிவுகளைத் தடுத்து வைக்காத பெரிய நிறுவனங்களும் அல்லலுற்றன.

இடி இறங்கிய இரவு

பணி முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஓர் இரவு இடியுடன் பெருமழை பெய்து மின்சாரம் தடைபட்டது. காலையில் மின்சாரம் வந்தது; திசைவியும் தானே எழுந்தது. அட்டைகளில் விளக்கு எரிந்தது. முகவரிகள் சரியாக இருந்தன. பிங் கட்டளைக்குத் திசைவி விடையளித்தது. ஆயினும் மண்டபத்திலிருந்து பாடங்களைத் திறக்க இயலவில்லை. முன்னனுப்பும் அமைப்பை நாம் கையால் மாற்றினோமேயன்றி, கணினி எழும்போது படிக்கும் அமைவுக் கோப்பில் எழுத மறந்திருந்தோம். ஆகவே அது மீண்டும் சுழியத்துக்குத் திரும்பியிருந்தது. பிழை முழுதும் நம்முடையதே. நல்லூழாக, விதிகளைச் சேமித்து வைத்திருந்தோம். வழி மறக்கப்பட்டு விதி நினைவில் இருந்ததனால் பாடம் மட்டுமே நின்றது. மறுதலையாக நேர்ந்திருந்தால் அலுவலகம் திறந்து கிடந்திருக்கும், எவரும் புகார் செய்திருக்கவும் மாட்டார்கள்.

அதன்பின் ஒரு குறிப்பேட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதித் திசைவியின் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். எந்த அட்டையில் எந்தக் கம்பி, எந்த முகவரி, எந்தக் கோப்பில் எந்த விதி என ஏழு பக்கங்கள். மறுதொடக்கம் செய்து பார்த்தபின்னரே பணி முடிந்ததாகக் கொள்க என்பது முதற்பக்கத்தில் சிவப்பு மையில் இருந்தது.

இப்போது இப்பணிக்குப் பழைய கணினியைத் தேட வேண்டியதில்லை. உள்ளங்கையளவுப் பெட்டிகளில் ‘ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.’ போன்ற லினக்ஸ் தொகுப்புகள் இயங்குகின்றன. நான்கு அட்டைகளுக்கு மாற்றாக ஒரே கம்பியில் பல துணைவலைகளைக் குறியிட்டு அனுப்பவும் இயலும். உட்கரு அதே உட்கருதான். வழிப்பட்டியலும் முன்னனுப்பும் அமைப்பும் சோதனைச்சாவடியும் மாறவில்லை.

கணினிக்கூடத்தின் பொறுப்பாசிரியர் பின்னர் ஜொகூருக்கு மாற்றலாகிச் சென்றார். அவருக்குப் பின் வந்த ஆசிரியை ஒரு நாள் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, பழைய பிரிண்டர் கெட்டுப்போனதால் புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தியிருக்கிறோம். ஆபீசில் அச்சு வருகிறது. கணினிக்கூடத்திலிருந்துதான் வரவில்லை” என்றார். குறிப்பேட்டின் நான்காம் பக்கத்தைப் பார்க்குமாறு கூறினோம். சற்று நேரம் தாள் புரளும் ஓசை கேட்டது. “கேட்வே போடவில்லை, ஐயா” என்றார் அவர்.